ஃபேன் பெட்டியில் அச்சடித்த மௌனம்

நாவலுக்கு விமர்சனம் உண்டு, சினிமாவுக்கு உண்டு, ஓட்டல் சாம்பாருக்குக்கூட உண்டு. கம்ப்யூட்டர் பாகங்களின் பெட்டியில் அச்சடித்திருக்கும் விவரத்தாளை மட்டும் யாரும் ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு விமர்சித்து நான் பார்த்ததில்லை. எண் போட்டிருக்கிறானே, எண் பொய் சொல்லுமா என்ற நம்பிக்கைதான் காரணம். சொல்லாதுதான். ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்கான பதில் என்று பெட்டியில் எழுதியிருக்காது. நம் மனதில் இருக்கும் கேள்விக்கான பதில் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

"கேமிங் கம்ப்யூட்டர் கட்டப் போறேன், சத்தம் வராத பார்ட்ஸா சொல்லுங்க" என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள். கேட்பவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு ஃபேனுக்கும் பக்கத்தில் டெசிபெல் எழுதி, எண் குறைவாக இருப்பதை டிக் அடித்திருப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த வகையின் தலைசிறந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டமான ஒன்றை எடுத்து அடிப்பது சுலபம், அதில் சுவாரசியம் கிடையாது. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018-ல் வெளியிட்ட என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்ற 120 மிமீ ஃபேன். இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே 0.5 மிமீ இடைவெளிதான். சூட்டிலும் சுழற்சியிலும் இறக்கை நீண்டு சட்டத்தில் உரசிவிடக் கூடாது என்பதற்காக அதற்கென்றே ஒரு விறைப்பான பிளாஸ்டிக்கை உருவாக்கினார்கள். நிறம் மட்டும் பழுப்பும் சந்தனமும் கலந்து, யாரோ சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கும். அதன் விவரத்தாள் சொல்வது: நிமிடத்துக்கு 2000 சுற்று, மணிக்கு 102.1 கன மீட்டர் காற்று, 2.34 மிமீ நீர் அழுத்தம், 22.6 டெசிபெல். நாலு எண்களும் நேர்மையானவை. ஆனால் சேர்த்துப் படித்தால் தப்பான படம் கிடைக்கும்.

காற்றின் அளவையும் அழுத்தத்தையும் பாருங்கள். 102.1 கன மீட்டர் என்பது ஃபேனுக்கு முன்னும் பின்னும் எதுவுமே இல்லாதபோது தள்ளும் காற்று, அதாவது அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது. 2.34 மிமீ என்பது வழியை முழுக்க அடைத்துவிட்டால் வரும் அழுத்தம், அதாவது காற்றோட்டம் பூஜ்யமாக இருக்கும்போது. இரண்டும் ஒரே நேரத்தில் எந்தக் காலத்திலும் நடக்காது. ஒருவர் வெறும் கையோடு நூறு மீட்டர் ஓடும் நேரத்தையும், நின்ற இடத்தில் தூக்கும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், மூட்டையோடு அவர் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நமக்குத் தெரியுமா? கேஸுக்குள் மாட்டிய ஃபேன் எப்போதும் மூட்டையோடு ஓடுகிற ஆள். முன்னால் தூசி வடிகட்டி, பின்னால் ஹீட்சிங்கின் தகடுகள்.

22.6 டெசிபெல்லும் அப்படித்தான். அது முழு வேகத்தில் ஒரே ஒரு ஃபேனுக்கான எண். வீட்டில் ஒரு ஃபேனோடு யாரும் நிறுத்துவதில்லை. ஒரே மாதிரியான இரண்டு ஒலிமூலங்கள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும், மூன்று சேர்ந்தால் கிட்டத்தட்ட 4.8. ஒரு மீட்டரில் அளப்பது வழக்கம். கம்ப்யூட்டர் மேஜை மேலேயே அரை மீட்டரில் இருந்தால் இன்னொரு 6. ஆக 22.6 என்று வாங்கியது காதுக்கு வரும்போது 33.4. இதுவும் தடையே இல்லாத காற்றில்தான். முன்னால் ஒரு கம்பி வலை வந்தாலே இறக்கைக்குள் போகும் காற்று கலங்கி, சத்தம் இன்னும் ஏறும். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு.

சரி, அப்படியென்றால் மோசமான ஃபேனா? தலைகீழ். யாருமே இதை 2000-ல் ஓட்ட மாட்டார்கள். ஃபேனின் சத்தம் வேகத்தின் ஐந்தாம் மடங்கை ஒட்டி மாறும் என்பது காற்றியக்கப் பொறியியலில் பழைய விதி. வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபெல் குறையும். காற்றோட்டம் மட்டும் பாதிதான் குறையும். இந்தப் பேரம் வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்காது. இப்போது அந்த டிக் அடித்த பட்டியலுக்கு வருவோம். ஒரு பக்கம் 1200 சுற்று, 18 டெசிபெல் என்று போட்ட ஃபேன். இன்னொரு பக்கம் 2000 சுற்று, 22.6. கேட்டவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருப்பார். ஆனால் இரண்டாவதை 1200-க்கு இறக்கினால் விதிப்படி அது சுமார் 11.5-க்கு வந்துவிடும். பட்டியலில் 'சத்தமான' ஃபேன், அறையில் அமைதியான ஃபேன். மிகக் குறைந்த வேகங்களில் காற்றின் சத்தம் அடங்கி மோட்டாரும் பேரிங்கும் மட்டும் பேசும், அப்போது இந்த விதி அவ்வளவாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் எனக்கு இருக்கும் உண்மையான குறை வேறு. சிறு ஃபேன்களின் சத்தத்தை எதிர்அழுத்தத்தோடு சேர்த்து அளப்பதற்கு ஐஎஸ்ஓ 10302 என்ற சர்வதேச நெறிமுறை பல வருடங்களாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முழுவதையும், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் இடத்திலிருந்து அளக்க ஐஎஸ்ஓ 7779 இருக்கிறது. ஆபீஸ் சாதனங்கள் செய்பவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். கேமிங் பாகங்களின் பெட்டியில் இந்த எண்களை நான் பார்த்ததே அபூர்வம். அதற்குப் பதிலாக சிறகு விரித்த பறவையோ உறுமும் டிராகனோ இருக்கும்.

அடுத்து, டெசிபெல் என்ற அலகுக்குள்ளேயே ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. அச்சடிப்பது 'ஏ' எடையிட்ட டெசிபெல். மனிதக் காது தாழ்ந்த சுருதிகளைக் குறைவாகக் கேட்கிறது என்று 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்த வளைகோடுகளின் வழி வந்தது இந்த எடை. 1000 ஹெர்ட்ஸில் அது எதையும் கழிக்காது. 200 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 11 டெசிபெல்லைக் கழித்துவிடும், 100 ஹெர்ட்ஸில் 19. நம்முடைய ஒன்பது இறக்கை ஃபேன் 1200 சுற்றில் ஓடும்போது இறக்கைகள் ஒரு இடத்தைக் கடக்கும் எண்ணிக்கை நொடிக்கு 180. ஏழு இறக்கை என்றால் 140. அதாவது ஃபேனின் அடிச்சுருதி விழுவதே எடையிடல் அதிகம் கழிக்கும் இடத்தில். சராசரியாக அது நியாயம்தான், காதும் அங்கே மந்தம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மரமேஜை அந்த 140 ஹெர்ட்ஸை வாங்கிக்கொண்டு தம்புரா மாதிரி முழங்கினால் எடையிட்ட எண்ணில் அது பெரிதாகத் தெரியவே தெரியாது.

எண்ணைவிட இந்த விஷயத்தில் நம் மொழியே நுட்பமானது. இரைச்சல், உறுமல், முனகல், ரீங்காரம், கீச்சல், கரகரப்பு, டிக்டிக், விர்ர், ஙொய். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறு. இரைச்சல் என்றால் காற்று. பெரும்பாலும் தொல்லை தராது. கரகரப்பும் டிக்டிக்கும் பேரிங். முனகல் என்றால் அதிர்வு கேஸின் தகட்டுக்குப் போகிறது, ரப்பர் ஆணி போட்டால் சரியாகலாம். கீச்சல் என்றால் ஃபேனே இல்லை, மின்சுருள். அதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டு ஃபேன்கள் 1000-க்கும் 1010-க்கும் ஓடினால் இரண்டு சுருதியும் மோதி வ்வோம்... வ்வோம்... என்று அலை மாதிரி ஏறி இறங்கும். நாக்டுவா 2024-ல் வெளியிட்ட புதிய 140 மிமீ ஃபேன்களை ஜோடியாக விற்கும்போது, இந்த மோதல் வராமலிருக்க ஒன்றைக் கொஞ்சம் வேகமாகவும் இன்னொன்றைக் கொஞ்சம் மெதுவாகவும் ஓடும்படி வேண்டுமென்றே செய்து தருகிறது. இதைப் படித்தபோது, டெசிபெல்லுக்கு அப்பாலும் ஒருத்தர் காது வைத்திருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

சத்தத்தைச் சொல்லால் விமர்சிக்கும் மரபை ஆங்கிலத்தில் வளர்த்தவர் கனடாவின் மைக் சின். 2002-ல் அவர் தொடங்கிய சைலண்ட் பிசி ரிவ்யூ தளத்தில் ஃபேன்களை எதிரொலி அடங்கிய அறையில் அளந்தார்கள், எண்ணோடு நிறுத்தாமல் அந்தச் சத்தம் எப்படிப்பட்டது என்று வாக்கியங்களில் எழுதினார்கள், ஒலிப்பதிவையும் வைத்தார்கள். வாசகர் தன் வீட்டில் அதை எந்த ஒலி அளவில் கேட்க வேண்டும் என்று குறிப்புகூட இருக்கும். தொழில்நுட்ப விமர்சனம் என்று நான் மதிக்கும் மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. விமர்சகரே வடிவமைப்பிலும் இறங்கினார்: 2005-ல் ஆன்டெக் வெளியிட்ட பி180 கேஸ் அவருடைய ஒத்துழைப்போடு உருவானது. மூன்று அடுக்குப் பக்கத் தகடு, கீழே தனி அறையில் பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க்குக்கு சிலிக்கோன் வளையங்கள், முன்னால் மூடும் கதவு. 'அமைதியான கேஸ்' என்றால் கதவும் நுரையும் வேண்டும் என்ற எண்ணத்தை மக்கள் மனதில் பதித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஃப்ராக்டல் டிசைனின் டிஃபைன் வரிசை, 2014-ன் ஆர்5, 2020-ன் 7 எல்லாம் அந்தப் பாதையில் வந்தவைதான்.

இங்கேதான் எனக்கு அந்த மரபோடு கருத்து வேறுபாடு. பி180 அதன் காலத்துக்குச் சரியான பதில். அப்போது கம்ப்யூட்டரில் சத்தம் போட்ட முக்கியமான ஆசாமி ஹார்ட் டிஸ்க். 7200 சுற்று என்றால் நொடிக்கு 120, விடாத ஒரு ஹம். அதற்கு மேல் தலை நகரும்போது கடகட. இதை ஃபேனைக் குறைத்துத் தீர்க்க முடியாது, அடைத்துத்தான் தீர்க்க வேண்டும். வெப்பமும் அடைத்து வைக்கும் அளவுக்குத்தான் இருந்தது. 2004-ன் பெண்டியம் 4 பிரெஸ்காட்டை அடுப்பு என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அதன் மதிப்பீடு 115 வாட்.

இன்று எஸ்எஸ்டி வந்து ஹார்ட் டிஸ்க்கின் வாயை அடைத்துவிட்டது. வெப்பமோ கிராபிக்ஸ் கார்டுக்கு இடம் மாறிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200 வாட், 4090 என்றால் 450, 5090 என்றால் 575. அதில் பெரும்பகுதியைக் கார்டு கேஸுக்குள்ளேயே கொட்டுகிறது. ஒரு சின்னக் கணக்கு: 400 வாட்டை வெளியே அனுப்ப வேண்டும், உள்ளே காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்றால் மணிக்குச் சுமார் 120 கன மீட்டர் காற்று போய்வர வேண்டும். இதை ஒரு மூடிய கதவின் ஓரத்து இடுக்கு வழியாக இழுக்கச் சொன்னால் ஃபேன் வேகம் ஏறும். ஐந்தாம் மடங்கு விதி இப்போது நமக்கு எதிராக வேலை செய்யும்: 1000-லிருந்து 1200-க்குப் போனாலே 4 டெசிபெல். கதவு மிச்சம் பிடிப்பதை ஃபேன் செலவு செய்துவிடும்.

நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 170 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இரண்டு மீட்டர். அதை உறிஞ்ச வேண்டும் என்றால் நுரையின் தடிமன் அரை மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். கேஸில் ஒட்டியிருப்பது சில மில்லிமீட்டர். அது உச்சச் சுருதிகளை மழுக்கும், தகடு அதிர்வதைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். ஆகவே வலை முகப்பு உள்ள, பார்க்க 'ஓட்டை' கேஸை வாங்கி ஃபேனை 800-ல் ஓட்டுவதே இன்றைய கேமிங் கம்ப்யூட்டருக்கு அமைதியான வழி. கதவு வைத்த கேஸ் வேண்டாம் என்று நான் சொன்னால் கடைக்காரர்களே நம்புவதில்லை. "சார், இது சைலண்ட் கேபினட் சார், உள்ள ஃபோம் பாருங்க" என்று தட்டிக் காட்டுவார்கள். ரிச்சி தெரு மதியத்தில் எதைத் தட்டினாலும் அமைதியாகத்தான் இருக்கும்.

பொருத்தம் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். பிசிபார்ட்பிக்கர் மாதிரியான தளங்கள் செய்வது ஜாதகப் பொருத்தம். சாக்கெட் பொருந்துகிறதா, வாட் போதுமா, கார்டின் நீளம் கேஸுக்குள் அடங்குமா. பத்துப் பொருத்தமும் பச்சையில் காட்டும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் வரும் சத்தத்துக்கு அது பொறுப்பல்ல. அதைக் குறை சொல்ல முடியாது, அதனிடம் கேட்ட கேள்வி அது இல்லை. ஆனால் சத்தம் பெரும்பாலும் பிறப்பது இந்தப் பச்சைக் குறிகளுக்கு நடுவில்தான்.

எடுத்துக்காட்டாக நாக்டுவாவின் என்எச்-டி15. அமைதி என்றாலே எல்லோரும் சிபாரிசு செய்யும் பெரிய ஏர் கூலர், இரண்டு ஃபேனோடு 1.3 கிலோ. உயரம் 165 மிமீ. கேஸ் 170 வரை இடம் தருகிறது என்றால் பச்சை. ஆனால் முன் ஃபேனுக்குக் கீழே ரேமுக்கு இருக்கும் இடம் 32 மிமீதான். ஜி.ஸ்கில் ட்ரைடன்ட் இசட் போன்ற கிரீடம் வைத்த ரேம் 44 மிமீ. ஃபேனை 12 மிமீ மேலே தூக்கி மாட்டலாம். அப்போது மொத்த உயரம் 177, கண்ணாடிப் பலகை மூடாது. வழி என்ன? முன் ஃபேனைக் கழற்றிவிட்டு நடு ஃபேனோடு மட்டும் ஓட்டலாம், ரேமுக்கு 64 மிமீ கிடைக்கும், சில டிகிரி கூடும். அல்லது விளக்கு இல்லாத குட்டை ரேம் வாங்கலாம். வேகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. வண்ண விளக்குக்காகக் கொடுக்கும் விலை இந்த இடத்தில் சத்தமாக வசூலாகிறது. பழைய கூலரை இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: துளைகளின் இடைவெளி 75 மிமீயிலிருந்து 78 ஆகிவிட்டது, புது மாட்டு கிட் தேவை. ஏஎம்டி பக்கம் ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-க்கும் பொருந்தும்.

ஆனால் கூலரைப் பற்றி இவ்வளவு பேசுவதே கொஞ்சம் தப்பான வரிசை. அமைதி என்பது கூலர் கடையில் வாங்குகிற சரக்கு என்று விமர்சனங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. முதலில் வாங்க வேண்டியது குறைந்த வெப்பம். கோர் ஐ9-14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டது. 2023-ல் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி காகிதத்தில் 120 வாட். விளையாட்டில் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இழுக்கிறது, பல கேம்களில் முன்னதற்கு ஈடு கொடுத்தும் ஓடுகிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே உங்கள் அறையின் சத்தம் பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கூலர் என்பது வட்டிக் கணக்கு. கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. மின் வரம்பை 20 சதவீதம் குறைத்தால் வேகம் 20 சதவீதம் குறையாது, அதைவிட வெகு குறைவாகவே குறையும். கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தத்தை ஏற்றும்போது செலவு அழுத்தத்தின் வர்க்கத்தில் எகிறுகிறது என்பதுதான் காரணம். விளம்பரத்தில் ஜெயிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, அந்த மெகாஹெர்ட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் அமைதி இது. இதை விவரத்தாள் எங்கேயும் சொல்லாது, சொன்னால் அதன் முதல் வரியில் இருக்கும் வேகத்தைத் தானே மறுத்த மாதிரி ஆகிவிடும்.

இனி நம் ஊர். விமர்சனம் எழுதுகிற ஆய்வறைகள் 21, 22 டிகிரியில் இருக்கும். பவர் சப்ளைக்குக் கொடுக்கும் 80 பிளஸ் முத்திரைக்கான சோதனையே 23 டிகிரியில்தான். மே மாதத்து சென்னையில் ஏசி போடாத அறை 34-ல் இருப்பது சாதாரணம். கூலர் எப்போதும் அறையின் வெப்பத்துக்கு மேல்தான் கணக்கு வைக்கும். அங்கே 67 டிகிரி காட்டும் அதே பிராசஸர், அதே ஃபேன் வேகத்தில் இங்கே 79 காட்டும். மதர்போர்டுக்கோ அறை எது, பிராசஸர் எது என்று தெரியாது. 79 என்று பார்த்ததும் ஃபேனை ஏற்றிவிடும். விமர்சனத்தில் 'கேட்கவே இல்லை' என்று எழுதிய கூலர் இங்கே கேட்பதற்கு அது போதும். மறுபக்கம், அந்த 34 டிகிரி அறையில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றிரைச்சலில் கம்ப்யூட்டரின் இரைச்சல் கரைந்துவிடும். ஆகப் பகலில் யாருக்கும் பிரச்சினையே இல்லை. இரவில் ஏசி போட்டு, சீலிங் ஃபேனை ஒன்றில் வைத்து, கதவைச் சாத்திய பிறகுதான் கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும். குளிர்நாட்டு விமர்சனம் அளக்கும் மௌனமான அறை நமக்கு ஒரு நாளில் சில மணி நேரம்தான் கிடைக்கிறது, ஆனால் அது யாரோ ஒருவர் தூங்கும் நேரம்.

நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றில் கல்லூரிக்குப் போகும் மகனும் அவனுடைய பாட்டியும். அவன் விளையாடுவான், பாடத்துக்காக முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்யவும் விடுவான், இரண்டுமே ராத்திரிதான். பாட்டிக்குத் தூக்கம் போய், மெஷினை விற்றுவிடலாமா என்கிற வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. ஃபேன்களை எல்லாம் மாற்ற ஒரு விலைப்பட்டியலும் தயாராக இருந்தது. நான் போய் பாட்டியிடம்தான் கேட்டேன், எப்படிச் சத்தம் வருது என்று. "சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகுது தம்பி. ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது. லாரி மேட்டுல ஏற மாதிரி. ஒரே மாதிரி ஓடுச்சுன்னா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்" என்றார். மேலே சொன்ன எல்லா அளவீடுகளையும்விட இது துல்லியமான விமர்சனம். சராசரி டெசிபெல்லில் இந்த ஏற்ற இறக்கம் காணாமலே போய்விடும்.

காரணம் எளிது. இன்றைய பிராசஸரின் சில்லு நகம் அளவுதான். ஒரு பிரவுசர் தாவலைத் திறந்தால் ஒரே நொடியில் அதன் வெப்பநிலை பதினைந்து டிகிரி தாவிவிட்டு, அடுத்த நொடியில் இறங்கும். ஒரு கிலோ உலோகம் அந்த ஒரு நொடியில் சூடேறியிருக்கவே இருக்காது. அதற்கு ஃபேனை ஏற்றுவதால் பயனும் இல்லை. ஆனால் பல போர்டுகளின் இயல்பு அமைப்பு அந்த நொடியிலேயே ஃபேனை விரட்டும். பயாஸில் ஏறுவதற்கு முன் காத்திருக்கும் நேரம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைச் சில நொடிகள் ஆக்கினோம். 65 டிகிரி வரை ஃபேன் ஒரே வேகத்தில், சுமார் 900-ல், ஓடும்படி கோட்டைத் தட்டையாக்கினோம். கேஸ் ஃபேன்கள் பிராசஸரைப் பார்த்துக்கொண்டிருந்தன, சூட்டைக் கொட்டுவதோ கிராபிக்ஸ் கார்டு. ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை வைத்து அவற்றைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்தோம். ரெண்டர் ஓடும்போது சராசரிச் சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கூடக்கூட இருந்திருக்கலாம். பாட்டி தூங்கினார். விலைப்பட்டியலைக் கிழித்துப் போட்டார்கள்.

'நின்றுவிடும் ஃபேன்' வசதியையும் நான் இதே காரணத்தால்தான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கார்டு சூடாகாத வரை ஃபேன் சுற்றாது என்பது விளம்பரத்தில் பெரிய விஷயம். எல்லைக்கோட்டு வெப்பத்தில் அது சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும். மெதுவாக எப்போதும் சுற்றும் ஃபேன்தான் நல்ல அண்டை வீட்டுக்காரர்.

பவர் சப்ளைக்கு நிறைய இடம் தேவையில்லை. 80 பிளஸ் கோல்ட், பிளாட்டினம் எல்லாம் திறன் முத்திரைகள், சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சத்தத்துக்கு சைபனெடிக்ஸின் லாம்டா தரவரிசையைப் பாருங்கள்: 15 டெசிபெல்லுக்குக் கீழே ஏ++, 15 முதல் 20 வரை ஏ+, 20 முதல் 25 வரை ஏ. இந்தத் துறையில் வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முயன்ற முத்திரை இது ஒன்றுதான். தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிய வாட்டில் வாங்கினால் ஃபேன் பெரும்பாலும் சோம்பலாகவே இருக்கும். தண்ணீர் கூலரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதிலும் ரேடியேட்டருக்கு அதே ஃபேன்கள் வேண்டும், கூடவே நிற்காத ஒரு பம்ப். ஏர் கூலர் போதும் என்கிற வாட்டில் அதை வாங்க ஒரே காரணம் அழகு.

கடைசியாக அந்தக் கீச்சல். கார்டிலும் போர்டிலும் இருக்கும் மின்சுருள்கள் வழியே மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அவை நுண்ணளவில் அதிர்கின்றன. அந்த வேகம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்தால் கீச்சென்று ஒலிக்கும். கேமின் மெனு திரையில் ஒன்றுமே நடக்காதபோது கார்டு நொடிக்கு ஆயிரம் படங்களைக் கொட்டும், அப்போதுதான் மோசம். திரை எவ்வளவு காட்டுமோ அந்த அளவில் படங்களுக்கு வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கும், வெப்பமும் குறையும். ஒரே மாடலில் ஒன்று கீச்சிடும், பக்கத்துப் பெட்டியில் இருப்பது வாயே திறக்காது. அதனால் எந்த விமர்சனத்தாலும் இதை உங்களுக்காகச் சோதித்துச் சொல்ல முடியாது. திருப்பிக் கொடுக்கும் காலம் எத்தனை நாள் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கொண்டுவந்த அன்றைக்கு ராத்திரியே சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, படவரம்பை எடுத்துவிட்டு, ஒரு கேமின் மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டிலில் தலைவைக்கும் இடத்தில் படுத்துக் கேளுங்கள்.